கண்ணுக்குத் தெரியாத நஞ்சைக் காட்டியவர்

உயர்தரத்தில் உயிரியல் கற்றுக்கொண்டே எழுதவும் விரும்பும் எனக்கு, றேச்சல் கார்சனின் வாழ்க்கை மிக நெருக்கமானது.

1907இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்த அவருக்குக் காட்டையும் பறவைகளையும் அறிமுகம் செய்தவர் தாயார். எழுத்தாளராகும் ஆசையில் ஆங்கிலம் கற்கச் சென்றவர், கல்லூரியில் உயிரியலுக்கு மாறினார். 1932இல் விலங்கியலில் முதுமாணிப் பட்டம் பெற்றார். 1935இல் தந்தையார் காலமானதும் குடும்பப் பொறுப்பு அவர் தோளில் விழுந்தது. அரசாங்க மீன்பிடிப் பணியகத்தில் வேலை செய்துகொண்டே கடலைப் பற்றி எழுதினார்.

அக்காலத்தில் டி.டி.ரி. என்னும் பூச்சிகொல்லி தாராளமாகத் தெளிக்கப்பட்டது. எல்ம் மரங்களுக்குத் தெளித்த நஞ்சு உதிர்ந்த இலைகளோடு மண்ணை அடைந்தது. இலையைத் தின்ற மண்புழுவுக்கும், புழுவைத் தின்ற ரொபின் பறவைக்கும் சென்றது. பறவைகள் மடிந்தன. இந்தச் சங்கிலியைச் சான்றுகளோடு விளக்கி 1962இல் 'மௌன வசந்தம்' என்ற நூலை வெளியிட்டார். இரசாயன உற்பத்தியாளர்கள் அவரைக் கடுமையாகச் சாடினார்கள். அப்போது அவருக்கு மார்புப் புற்றுநோய். தமது ஆய்வைச் சந்தேகிக்க அது காரணமாகிவிடக் கூடாதென்று நோயை மறைத்தார். 1963இல் செனட் குழுவின் முன் சாட்சியமளித்தார். மறுவருடம் 56 வயதில் மறைந்தார். 1972இல் அமெரிக்கா விவசாயத்தில் டி.டி.ரி.யைத் தடைசெய்தது.

பூச்சிகொல்லியே கூடாதென்று அவர் சொல்லவில்லை. விளைவை அறியாமல் தெளிக்கக் கூடாதென்றே வாதாடினார். இன்று சிறிய பிளாஸ்டிக் துண்டில் மலிவாக மின்வாய்களை அச்சிட்டு, அதில் நொதியம் பூசி, நீரிலுள்ள சில பூச்சிகொல்லிகளைக் கண்டறிகிறார்கள். நஞ்சு இருந்தால் நொதியத்தின் தொழிற்பாடு குறையும், மின்னோட்டமும் குறையும். பறவை செத்து விழும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அந்தச் சிறு துண்டை ஒவ்வொரு கிணற்றடிக்கும் கொண்டுசேர்ப்பது எங்கள் தலைமுறையின் கடமை.