இடது கையால் வாசித்ததற்காக மேடை மறுக்கப்பட்டவர்: பழனி சுப்ரமணிய பிள்ளையின் கச்சேரிப் பதிவுகளை இன்றும் தேடிக் கேட்பது ஏன்?

திண்டுக்கல்லில் இருந்து ஒட்டன்சத்திரம் வழியா சுமார் 60 கி.மீ. போனால் பழனி. முருகன் கோயிலும் பஞ்சாமிர்தமும்தான் உடனே நினைவுக்கு வரும். ஆனா கர்நாடக இசை ரசிகர்களிடம் ‘பழனி’ என்று மட்டும் சொன்னால், அது ஒரு மனிதரைக் குறிக்கும். அவர்தான் மிருதங்க வித்வான் பழனி சுப்ரமணிய பிள்ளை (1908-1962).

யார் இவர்?

பழனி முத்தையா பிள்ளையின் மகன். கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டு வந்த புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையிடம் கற்றவர் முத்தையா பிள்ளை. அதே வழியில் வந்த புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளையிடமும் சுப்ரமணிய பிள்ளை பாடம் கேட்டார். குரு, பரம்பரை, திறமை எல்லாமே இருந்தது. ஒரே ஒரு ‘பிரச்னை’, அவர் இடது கைக்காரர்.

இடது கை என்றால் என்ன சிக்கல்?

மிருதங்கத்தில் இரண்டு பக்கம் உண்டு. சுருதி சேர்க்கும் பக்கம் வலந்தலை, கனமாக ஒலிக்கும் பக்கம் தொப்பி. கச்சேரியில் வலந்தலை ரசிகர்களைப் பார்த்து இருக்கணும். அதனால் மிருதங்கக்காரர் பாடகருக்கு வலப்பக்கமும், வயலின்காரர் இடப்பக்கமும் உட்காருவது வழக்கம்.

வலந்தலையை இடது கையால் வாசிப்பவருக்கு இது அப்படியே தலைகீழ். அவர் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தால், வயலின்காரர் இந்தப் பக்கம் வரணும். அப்படி மாறினால் வயலினின் முகம் ரசிகர்களை விட்டுத் திரும்பிவிடும், நாதம் சரியாகப் போய்ச் சேராது. இதனால் பல வயலின் வித்வான்கள் இடம் மாற மறுத்தார்கள். வாசிப்பில் குறையே இல்லாத ஒருவருக்கு, உட்காரும் இடத்தால் வாய்ப்புகள் நழுவின. மிருதங்கம் கிடைக்காத மேடைகளில் கஞ்சிரா வாசித்த காலமும் அவருக்கு உண்டு.

கை கொடுத்தது யார்?

செம்பை வைத்தியநாத பாகவதர். அன்றைக்கு முன்னணிப் பாடகரான அவர், தன் கச்சேரிகளில் சுப்ரமணிய பிள்ளையை மிருதங்கம் வாசிக்க வைத்தார். வயலின்காரர்தான் இடம் மாறணும் என்பதில் பிடிவாதமாகவும் இருந்தார். வழி திறந்தது. ஆலத்தூர் சகோதரர்கள், ஜி.என்.பாலசுப்ரமணியம், மதுரை மணி ஐயர் என்று அந்தக் காலத்து பெரிய பாடகர்களின் கச்சேரிகளில் ‘பழனி’ இருந்தார். பாலக்காடு மணி ஐயரோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயராக அது வளர்ந்தது.

கச்சேரிப் பதிவுகளில் அப்படி என்ன இருக்கு?

அன்றைய கிராமபோன் இசைத்தட்டில் ஒரு பக்கம் சுமார் 3 நிமிடம்தான் ஓடும். அதில் ஒரு பாட்டு அடங்கும், தனி ஆவர்த்தனம் அடங்காது. மிருதங்கக்காரர் தனியாக வாசித்து, கணக்கைக் கட்டி எழுப்பி, கோர்வையோடு முடிக்கும் அந்தப் பகுதிக்கு நேரம் வேணும், கேட்கிற ஆட்களும் வேணும். அதனால் சுப்ரமணிய பிள்ளையின் முழு வாசிப்பை இன்று கேட்கணும் என்றால், வானொலி ஒலிபரப்பிலும் கச்சேரிகளிலும் எடுத்த டேப்புகள்தான் வழி. ஸ்பூலில் இருந்து கேசட்டுக்கு வந்து, இப்போ யூடியூப் வரைக்கும் அவை வந்திருக்கின்றன.

ஒலித்தரம் சுமார்தான், இரைச்சலும் இருக்கும். ஆனா தொப்பியில் இருந்து எழும் அந்த கும்கி கேட்கும். பாட்டு மெதுவாகப் போகும் இடத்தில் அவர் வாசிக்காமல் விடும் இடைவெளியும் கேட்கும். தாளம் சமத்தில் வந்து விழும்போது சபையில் எழும் சலசலப்பும் கேட்கும். ஸ்டுடியோவில் இதெல்லாம் கிடைக்காது.

இது நம்ம ஊர் ரசனை மட்டுமில்லை. அமெரிக்க ப்ளூஸ் கலைஞர் பி.பி.கிங் 1964 நவம்பரில் சிகாகோ ரீகல் தியேட்டரில் நடத்திய நிகழ்ச்சி, ‘லைவ் அட் தி ரீகல்’ என்ற ஆல்பமாக வந்தது. அதில் கூட்டத்தின் கூச்சலும் இசையோடு இசையாகக் கலந்திருக்கும். ப்ளூஸ் ரசிகர்கள் அதை இன்றும் கொண்டாடக் காரணம் அதுதான். 2005-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய பதிவுகளின் பட்டியலில் அதைச் சேர்த்தது.

பிறகு என்ன ஆனது?

சுப்ரமணிய பிள்ளை 1962-ல் காலமானார். அவருடைய சீடர் திருச்சி சங்கரன், 1971-ல் கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கத் தொடங்கினார். 2011-ல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருதையும் பெற்றார். பழனியின் பாணி கடல் தாண்டியும் தொடருது.

பழைய பதிவு ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். வயலின் எந்தப் பக்கம் இருந்தது, மிருதங்கக்காரர் எந்தக் கையால் வாசித்தார் என்று உங்களால் சொல்ல முடியாது. ஒரு காலத்தில் அவருக்கு மேடையை மறுத்த காரணம், டேப்பில் எங்குமே பதிவாகவில்லை.