மறுப்பவர் கடன்

சில மாதங்களின் முன் எங்கள் கல்லூரி மாணவர் விவாத அரங்கு ஒன்றிற்கு ஆயத்தஞ் செய்துகொண்டிருந்தனர். நோயாளர்க்கு மருத்துவம் அளித்தல் அரசின் கடனா, அன்றித் தனியார் முயற்சிக்கு விடத்தக்கதா என்பது எடுத்துக்கொண்ட பொருள். அரசின் கடனன்று என வாதிக்க வேண்டிய அணிக்குத் தலைவியாய் அமைந்த மாணவி, எதிரணியார் சொல்லக்கூடியவற்றையெல்லாம் முன்கூட்டியே எண்ணி, ஒவ்வொன்றிற்கும் மறுப்பெழுதிக் கொண்டுவந்து என்னிடங் காட்டினாள். மறுப்புக்கள் யாவும் கூரியன. படித்து முடித்தபின், அங்ஙனமாயின் கையிற் காசில்லாத நோயாளி எங்கே போவான் என்று கேட்டேன். அதற்கு விடை கூறுவது தங்கள் அணியின் வேலையன்று என அவள் பணிவோடு சொன்னாள். அரசாங்க வைத்தியசாலையிற் கட்டணமின்றி மருந்து பெற்று வளர்ந்த பிள்ளை அவள்.

அவ்விடை என் உள்ளத்தை உறுத்தியது. குற்றம் அவளுடையதன்று. முப்பது ஆண்டுகளாக விவாதம் பழக்கிவரும் நான், எதிரியின் கூற்றைத் தகர்ப்பதையே மாணவர்க்குப் பெரிதாகக் கற்பித்திருக்கிறேன். கண்டனப் பிரசுரங்கள் மலிந்த யாழ்ப்பாணத்து மரபில் வந்தவர்க்கு இது இயல்புபோலும். ஆனால் நன்னூலார் எழுவகை மதங்களை வகுத்தபோது மறுத்தலோடு நின்றாரல்லர். தானே ஒன்றை நாட்டி அதனை இறுதிவரை நிறுவுதலையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். இவ்விரண்டிற்கும் உள்ள இடைவெளி எத்துணைப் பெரிதென்பதை விளக்க, அமெரிக்க நாட்டு அரசியலாளர் ஒருவரின் வாழ்வை அம்மாணவிக்கு எடுத்துரைத்தேன். அவர் பெயர் றொபேட் டாப்ற். கென்னடி 1956ஆம் ஆண்டில் வெளியிட்ட, துணிவுடைய செனற் சபையினரைப் பற்றிய நூலில், எதிர்க்கட்சியினரான இவருக்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருந்தார். அந்நூல் வாயிலாகவே நான் இவரை முதலில் அறிந்தேன்.

டாப்ற் 1889ஆம் ஆண்டு செப்டெம்பர் 8ஆந் திகதி ஒகையோ மாநிலத்துச் சின்சினாற்றி நகரிற் பிறந்தார். பாட்டனார் அமைச்சராய் இருந்தவர். தந்தையார் வில்லியம் ஹோவாட் டாப்ற் அந்நாட்டின் 27ஆவது சனாதிபதியாயும் பின்னர்ப் பிரதம நீதியரசராயும் விளங்கியவர். மைந்தர் யேல் பல்கலைக்கழகத்திலும் ஹாவாட் சட்டக் கல்லூரியிலும் தம் வகுப்பில் முதல்வராய்த் தேறினார். கல்வியிற் சிறந்த அவருக்குக் கலகலப்பான பேச்சு வாய்க்கவில்லை. புள்ளிவிபரங்களை அடுக்கிச் சொல்லுவார்; கூட்டத்தைச் சிரிக்க வைக்க அறியார். அக்குறையை நிறைவு செய்தவர் 1914இல் அவர் கைப்பிடித்த மனைவியார் மார்த்தா. அவ்வம்மையார் மேடையேறினாற் கூட்டம் மகிழும்.

கண்பார்வைக் குறைவினால் முதலாம் உலகப் போரிற் படையிற் சேர இயலாது போகவே, டாப்ற் ஹூவர் நடத்திய உணவு நிருவாகத்திற் பணியாற்றினார். பின்னர்ப் பாரிஸ் சென்று, பசியால் வாடிய ஐரோப்பிய மக்களுக்கு உணவனுப்பும் நிவாரணப் பணியிலும் ஈடுபட்டார். துயருற்றோர்க்கு உதவுதல் இன்றியமையாதது என்பதையும், விலையையும் வணிகத்தையும் அரசு தன் கைக்குட் கொண்டால் எத்தனை இடர் விளையும் என்பதையும் ஒருங்கே கண்டார். பிற்காலத்தில் அவர் கொண்ட கொள்கைக்கு இவ்விரண்டுமே இரு தூண்களாயின.

ஒகையோச் சட்டசபையில் உறுப்பினராயும் சபாநாயகராயும் இருந்த பின்னர், 1938இல் குடியரசுக் கட்சியின் சார்பிற் செனற் சபைக்குத் தெரிவானார். நம் நாட்டிலும் 1971 வரை மூதவை என ஒன்று இருந்தது. எனினும் அமெரிக்க மூதவையின் அதிகாரம் அதனினும் பன்மடங்கு பெரிது. அங்கே அவர் விரைவில் தம் கட்சியின் மூளை எனத்தக்க நிலையை அடைந்தார். வாக்குக்காக மனச்சான்றை விற்கும் இயல்பும் அவரிடம் இல்லை. 1946 ஒக்டோபரில், தேர்தல் அணித்தாயிருந்த வேளையில், நியூரம்பேர்க்கில் நாசித் தலைவர்களுக்கு விதிக்கப்பட்ட தண்டனை, செயல் நிகழ்ந்தபின் இயற்றிய சட்டத்தின்மேல் நிற்பதாகக் கூறிக் கண்டித்தார். நாடெங்கும் வசை எழுந்தது. சொந்தக் கட்சியினரே விலகி நின்றனர். அவர் சொன்னதை மீளப்பெறவில்லை. அத்துணிவையே கென்னடி போற்றினார்.

மருத்துவம் பற்றிய பெரும் போராட்டம் எழுந்ததும் அக்காலத்திலேயே. தொழில் செய்வோரின் ஊதியத்திலிருந்து கட்டாயமாகப் பணம் அறவிட்டு, அதைக்கொண்டு தேசிய சுகாதாரக் காப்புறுதி அமைக்க வேண்டுமென 1943இல் வாக்னர், மறி, டிங்கெல் என்போர் மசோதா ஒன்றைக் கொணர்ந்தனர். 1945 நவம்பரிற் சனாதிபதி ற்றூமன் அத்தகைய திட்டத்தை நிறைவேற்றுமாறு காங்கிரசைக் கேட்டார். டாப்ற் அதனை வன்மையாக எதிர்த்தார். எல்லாரிடமும் பணம் வாங்கி எல்லார்க்கும் மருத்துவம் அளிக்கும் பொறுப்பை மத்திய அரசு ஏற்றால், வைத்தியர்கள் அரசின் ஊழியராவர் என்றும், தம் செலவைத் தாமே தாங்க வல்லாரும் அரசையே நம்பி வாழப் பழகுவர் என்றும் அவர் கருதினார். 1946 ஏப்பிரலில் நடந்த விசாரணையின்போது தலைமை தாங்கிய மறியோடு கடுஞ்சொல் பரிமாறி, அவையை விட்டு வெளியேறினார்.

இம்மட்டோடு நின்றிருந்தால் அவர் பெயரை இங்கு எடுத்திரேன். வெளியேறிய மனிதர் சில வாரங்களில் வேறொரு மசோதாவோடு திரும்பினார். ஸ்மித், பால் என்னும் இரு செனற்றர்களோடு சேர்ந்து அவர் கொணர்ந்த அத்திட்டத்தின்படி, மத்திய அரசு ஆண்டுதோறும் ஏறத்தாழ 20 கோடி டொலரை மாநிலங்களுக்கு மானியமாக வழங்கும். மாநிலங்கள் தம் பங்கையும் சேர்த்து, வைத்தியச் செலவைத் தாங்க இயலாத குடும்பங்களுக்கு மருத்துவம் அளிக்கும். ஏனையோர் தாம் விரும்பிய தனியார் காப்புறுதியில் விரும்பியபடி சேரலாம். சந்தை தன் வழியே நடக்க, அதில் வழுக்கி விழுவோரைத் தாங்க அரசு ஒரு தளம் அமைக்க வேண்டும் என்பதே அதன் சாரம். அதே ஆண்டு நிறைவேறிய ஹில்–பேட்டன் வைத்தியசாலைக் கட்டடச் சட்டத்திலும், வறிய மாநிலங்களுக்குக் கூடிய பங்கு கிடைக்கும்படி கணக்கை அமைத்ததில் அவருக்குப் பெரும்பங்குண்டு.

இத்திட்டத்திற்கும் எதிர்ப்பிருந்தது. மருந்து பெறுமுன் தான் ஏழையென்று ஒருவன் மெய்ப்பிக்க வேண்டுமாயின் அது மானக்கேடன்றோ என ற்றூமன் பக்கத்தார் வினவினர். அவ்வினா வலிமையுடையது, டாப்ற் அதற்கு நிறைவான விடையளித்தார் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஏழை நோயாளி எங்கே போவான் என்னும் வினாவைத் தம் அணிக்கு உரியதன்றென அவர் தள்ளவில்லை.

அக்காலத்திற் குடியரசுக் கட்சியினர் முன் இரு வழிகள் இருந்தன. எதிர்க்கட்சியின் திட்டத்தையே சற்றுச் சிறிதாக்கித் தாமும் தருவதாகக் கூறி வாக்குக் கேட்பது ஒன்று. எல்லாவற்றையும் மறுத்து, மக்கள் சலிப்புறுங் காலத்தை எதிர்நோக்கி இருப்பது மற்றொன்று. டாப்ற் மூன்றாவது வழியொன்றை வேண்டினார். வீடு, கல்வி, மருத்துவம் ஆகிய மூன்றிலும் ஏழைப் பிள்ளைக்கு ஒரு தொடக்க நிலையை அரசு உறுதி செய்யவேண்டும். அதற்கு மேலுள்ளதை அவரவர் முயற்சிக்கு விடவேண்டும் என்றார். பாடசாலைகளுக்கு மத்திய அரசின் பண உதவி கூடாதென 1943இல் எதிர்த்தவர், வறிய மாநிலங்களின் நிலையை ஆராய்ந்தபின் 1946இல் தம் கருத்தை மாற்றி அதனை ஆதரித்தார். கட்சியின் பழைமைவாதிகள் அவரை ஐயுற்று நோக்கினர்.

இனி வருவது அவர் வாழ்வில் நான் பெரிதும் வருந்தும் பகுதி. 1946ஆம் ஆண்டுத் தேர்தலிற் குடியரசுக் கட்சி இரு சபைகளையும் கைப்பற்றியது. தொழில், சமூக நலம் பற்றிய செனற் குழுவின் தலைமை டாப்ற்றிடம் வந்தது. மருத்துவ மசோதா போகவேண்டிய வாயிலின் திறவுகோல் அவர் கையிலேயே இருந்தது. தொழிற்சங்கங்களின் அதிகாரத்தைக் குறைக்கும் டாப்ற்–ஹாட்லி சட்டத்தை 1947இல், சனாதிபதியின் மறுப்பாணையையும் மேவி, இரு சபைகளிலும் நிறைவேற்றிக் காட்டினார். வீடமைப்பு மசோதாவையும் கல்வி மசோதாவையும் 1948இற் செனற் சபையிலே நிறைவேற்றினார். பிரதிநிதிகள் சபையில் அவை தடைப்பட்டன. மருத்துவ மசோதாவோ விசாரணைகளோடு நின்றது. செனற் சபையின் வாக்கெடுப்புக்குக்கூட அது வரவில்லை. விரும்பியதை முடிக்கவல்ல ஆற்றல் அவருக்கிருந்தது என்பதற்குத் தொழிற்சட்டமே சான்று. மருத்துவத்திலே அவர் மறுத்தார், நாட்டினார், நிறுவவில்லை.

1948இல் ற்றூமன் ஊர்தோறும் சென்று, அக்காங்கிரசை ஒன்றுஞ் செய்யாத காங்கிரஸ் எனப் பழித்து வென்றார். குடியரசுக் கட்சி இரு சபைகளையும் இழந்தது. டாப்ற் உழைத்த பொதுவீடமைப்புத் திட்டம் 1949இல் எதிர்க்கட்சியின் ஆட்சியிலேயே சட்டமாயிற்று. ற்றூமனின் காப்புறுதித் திட்டமோ அமெரிக்க வைத்தியச் சங்கத்தின் பெருஞ்செலவிலான பிரசாரத்தின் முன் நிலைகுலைந்தது. இரு கட்சியும் ஒன்றன் திட்டத்தை மற்றொன்று தடுத்து வெற்றி கண்டன. காசில்லாத நோயாளி இருந்த இடத்திலேயே இருந்தான்.

நோய் அவர் தம் வீட்டிற்கும் வந்தது. 1950 மே மாதத்தில் மார்த்தா அம்மையார் பாரிசவாதத்தால் விழுந்தார். அதன்பின் அவரைச் சக்கர நாற்காலியில் தாமே தள்ளிச் செல்வதும், விருந்துகளில் அருகிருந்து உணவூட்டுவதும் டாப்ற்றின் வழக்கமாயின. வாதத்தில் இரக்கமற்றவர் எனப் பேர்பெற்றவரின் அந்த மென்மையைக் கண்டு எதிரிகளும் வியந்தனர். 1944இல் 20 ஆயிரத்துக்கும் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் தப்பியவர், 1950இல் தொழிற்சங்கங்கள் திரண்டெதிர்த்தும் 4 இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளால் வென்றார். எனினும் சனாதிபதி வேட்பாளராகும் ஆசை 1940, 1948, 1952 ஆகிய மும்முறையும் நிறைவேறவில்லை. கடைசி முறை முதல் வாக்கெடுப்பில் ஐசனோவர் 595, டாப்ற் 500. தோற்ற பின்னும் ஐசனோவரின் வெற்றிக்கு உழைத்து, 1953இற் செனற் சபையிற் பெரும்பான்மைக் கட்சித் தலைவரானார். அவ்வாண்டு ஏப்பிரலில் இடுப்பில் நோவு கண்டது. புற்றுநோய் எனத் தெரிந்தது. ஊன்றுகோல்களோடு சபைக்கு வந்து, யூனில் பொறுப்பை நோலண்டிடம் ஒப்படைத்து, யூலை 31ஆந் திகதி நியூயோர்க் வைத்தியசாலையொன்றிற் காலமானார்.

அவர் மறைந்து ஏழாண்டுகளின் பின், 1960இல், வறிய முதியோரின் மருத்துவத்துக்கு மாநிலங்கள்வழி மானியம் அளிக்கும் கேர்–மில்ஸ் சட்டம் வந்தது. 1965இற் சனாதிபதி ஜோன்சன் மெடிகெயிட் திட்டத்தில் ஒப்பமிட்டார். மத்திய அரசு பணந்தர, மாநிலங்கள் தம் பங்கைச் சேர்த்து நடத்த, வறியோர் மருத்துவம் பெறும் அவ்வமைப்பின் சாயல் டாப்ற்றின் பழைய மசோதாவிற் காணப்படுகிறது. அவரது பெயர் அதில் இல்லை. இயற்றியது அவரது கட்சியும் அன்று. 1946க்கும் 1965க்கும் இடையே 19 ஆண்டுகள். அத்தனை காலமும் நோய் எவருக்காகவும் காத்திருந்ததில்லை.

இவ்வளவுஞ் சொல்லி முடித்தேன். மாணவி தன் தாள்களை அடுக்கிக்கொண்டு எழுந்து போனாள். மறுநாள் வந்தபோது மறுப்புக்களிற் பாதி குறைந்திருந்தது. கடைசித் தாளில், வசதியற்ற நோயாளிக்கு யார், எங்கிருந்து, எப்படிப் பணந்தருவது எனத் தன் அணியின் திட்டத்தைப் பத்து வரிகளில் எழுதியிருந்தாள். அதிற் குறைகள் பல. அரங்கில் அவ்வணி தோற்றது. எதிரணியார் அப்பத்து வரிகளையே பிடித்து வாட்டினர். மறுப்போடு நின்றிருந்தால் வென்றிருப்போமே, ஐயா, என அவள் குறைப்பட்டாள். வென்றிருக்கக்கூடும் என ஒப்புக்கொண்டேன். அடுத்த தவணைக்கு அப்பத்து வரிகளைத் திருத்தி எழுதிவருமாறு பணித்திருக்கிறேன்.