தாய்வழி வந்த சோழ மன்னன்

யாழ்ப்பாணத்திலே ஒருவனுக்குப் பெண் பேசத் தொடங்கினால் முதலில் மாமன் வீட்டைப் பார்ப்பதே எம் முன்னோர் வழக்கம். உரிமை மச்சாள் இருக்க ஊர் கடந்து பெண் தேடுவானேன் என்று கேளாத பாட்டிமார் இலர். இவ்வழக்கம் காணியையும் வீட்டையும் காப்பதோடு நின்றதன்று. ஒருகால் ஒரு பேரரசையே ஒருவன் கையிற் கொண்டுபோய்ச் சேர்த்தது. அவன்தான் முதலாம் குலோத்துங்க சோழன்.

கோதாவரிக்கும் கிருட்டிணைக்கும் இடைப்பட்ட வேங்கி நாட்டைக் கீழைச் சாளுக்கியர் ஆண்டுவந்தனர். கி. பி. 973 இல் தெலுங்குச் சோடர் குலத்துச் சடாசோட வீமன் அந்நாட்டைக் கவர்ந்துகொண்டான். நாடிழந்த சாளுக்கிய இளவரசர் இருவருக்கு முதலாம் இராசராசன் ஆதரவளித்து, மூத்தவனாகிய சத்திவர்மனை மீண்டும் அரியணை ஏற்றினான். இளையவனாகிய விமலாதித்தனுக்குத் தன் மகள் குந்தவையை மணஞ்செய்து கொடுத்தான். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வாரி வழங்கிய குந்தவை இவளல்லள். அவள் இராசராசனுடைய தமக்கை. தமக்கையின் பெயரையே மகளுக்கு இட்டான். பெயரொற்றுமையால் மயங்குவோர் பலராதலின் இதனைக் குறித்தோம்.

விமலாதித்தன் மகன் இராசராச நரேந்திரன் தன் தாய்மாமனாகிய முதலாம் இராசேந்திரன் மகள் அம்மங்கையை மணந்தான். இவர்கள் பெற்ற மகனுக்குத் தாய்வழிப் பாட்டன் பெயராகிய இராசேந்திரன் என்பதே இடப்பட்டது. அவனும் வளர்ந்து தன் தாய்மாமனாகிய இரண்டாம் இராசேந்திரன் மகள் மதுராந்தகியை மணந்தான். தந்தைக்கும் மகனுக்கும் மாமன் மகளே மனைவி! தந்தை வழியிற் கூறின் இவன் சந்திர குலத்துச் சாளுக்கியன். ஆயினும் கணக்குப் பார்ப்பின் உடலில் ஓடிய குருதியில் முக்காற் பங்கு சூரிய குலத்துச் சோழருடையது.

தாயின் குடியிலே பெண் நாடும் வழக்கம் எமக்கு மாத்திரம் உரியதன்று. குலோத்துங்கனுக்கு நூறாண்டு பிந்திய செங்கிசுக்கானுடைய இளமையை நோக்குக. அவன் தந்தை எசுகை, மகனுக்குப் பெண் தேடி மனைவியின் பிறந்த குடியை நோக்கியே புறப்பட்டான். வழியிலே கொங்கிராத்துக் குடித் தலைவன் ஒருவனைக் கண்டு அவன் மகள் போர்த்தேயை நிச்சயித்தான். அதன்பின் மொங்கோலிய அரசர் பல தலைமுறை அக்கொங்கிராத்துக் குடியிலேயே பட்டத்தரசியரைக் கொண்டனர். புல்வெளியிலே கூடாரம் அடித்துத் திரிந்தவர்க்கும் காவிரிக் கரையிலே கோயில் எடுத்தவர்க்கும் இதில் வேற்றுமை பெரிதில்லை.

ஆனால் மணவுறவு துணையைத் தருவது போலவே பகையையும் தரும். விமலாதித்தனுக்குத் தெலுங்குச் சோடர் குலத்து மேடவை என்னும் வேறொரு மனைவியும் இருந்தாள். அவள் மகன் விசயாதித்தன், தமையனாகிய நரேந்திரனை வாழ்நாள் முழுதும் உறங்கவிடவில்லை. 1061 இல் நரேந்திரன் இறந்ததும் வேங்கி அரியணையைத் தானே பற்றிக்கொண்டான். இளைஞனாகிய இராசேந்திரன் தந்தையின் நாட்டை இழந்தான். தாயின் வீடாவது கைகொடுத்ததோ? இல்லை. 1063 இல் சோழ அரசனான மாமன் வீரராசேந்திரன், மருமகனை விட்டு விசயாதித்தனையே ஆதரித்தான். அதுமட்டுமன்றித் தன் மகளை மேலைச் சாளுக்கிய இளவரசன் விக்கிரமாதித்தனுக்குக் கொடுத்துப் புதியதோர் உறவையும் உண்டாக்கினான். இரு குலத்துக்கும் பிள்ளையாயிருந்தவன் இரண்டிலும் இடமின்றி, வடக்கே வயிராகரம், சக்கரக்கோட்டம் ஆகிய இடங்களிலே தன் வாளை நம்பிப் போர் செய்து காலங்கழித்தான்.

1070 இல் வீரராசேந்திரன் காலமானான். அவன் மகன் அதிராசேந்திரனை அரியணையில் அமர்த்த மைத்துனனாகிய விக்கிரமாதித்தன் கங்கைகொண்ட சோழபுரம் வரை வந்து திரும்பினான். திரும்பிய சில வாரங்களிலே நாட்டிற் கலகம் மூண்டு அதிராசேந்திரன் உயிரிழந்தான். விசயாலயன் தொடக்கம் தந்தை மகன் என வந்த ஆண்வழி அத்துடன் அற்றது. மகள் வயிற்றுப் பேரன் வந்து சோழ அரியணையில் ஏறினான். குலோத்துங்கன் என்னும் பட்டம் சில ஆண்டு கழித்தே வழங்கலாயிற்று.

அவன் முடிசூடிய அதே ஆண்டளவிலே எமது தீவிற் பொலன்னறுவை சோழர் கையினின்றும் நழுவியது. அதனை மீட்ட முதலாம் விசயபாகுவிடம் அவன் தங்கை மித்தையைப் பெண் கேட்டுச் சோழ அரசன் பலமுறை ஆளனுப்பினான் என்றும், விசயபாகு மறுத்து அவளைப் பாண்டிய குலத்து இளவரசன் ஒருவனுக்கே கொடுத்தான் என்றும் சூளவமிசம் கூறும். போரிலே தோற்றதை மணத்திலே பெற எண்ணினான் போலும்! விசயபாகு அந்த வாயிலையும் அடைத்தான். மித்தையின் பேரனே பிற்காலத்திற் புகழ்பெற்ற பராக்கிரமபாகு.

குலோத்துங்கன் ஏறக்குறைய ஐம்பது ஆண்டு ஆண்டான். சுங்கத்தை நீக்கிச் சுங்கந் தவிர்த்த சோழன் எனப் பெயர்பெற்றான்; 1086 இல் நிலங்களை அளப்பித்தான். பரணி பாடப்பெற்ற அவனது கலிங்கப் போரைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஆனால் எதிரே நின்ற கலிங்க மன்னன் அனந்தவர்மன், இராசசுந்தரி என்னும் சோழ இளவரசியின் மகன் என்பதைப் பலர் அறியார். சோடகங்கன் என்ற அவன் பட்டத்திலேயே சோழரும் கங்கரும் சேர்ந்திருக்கின்றனர். உறவினனென்று கருணாகரத் தொண்டைமானின் படை தயங்கவில்லை.

மதுராந்தகி பெற்ற புதல்வர் எழுவர். சிற்றப்பன் விசயாதித்தன் இறந்தபின் வேங்கியைக் குலோத்துங்கன் தன் புதல்வரைக்கொண்டே ஆண்டான். முதலிற் சென்ற மும்முடிச் சோழனோ, பெற்றோர்க்குப் பணிசெய்யும் இன்பத்துக்கு அரசு ஈடாகாதென்று ஓராண்டிலே திரும்பிவிட்டான் எனச் செப்பேடு சொல்லும். கங்கைகொண்ட சோழபுரத்தின் சோறு அவனுக்கு அத்துணை இனித்தது! அரசனுடைய தங்கைக்கும் பெயர் குந்தவைதான். வேங்கி மன்னன் மகளாகிய அவள் தில்லைத் திருக்கோயிலுக்குச் செய்த திருப்பணியை அங்குள்ள 1114 ஆம் ஆண்டுக் கல்வெட்டு அறிவிக்கின்றது. மணமாகிப்போன குந்தவையின் பெயர் பேர்த்தியின் வடிவிலே தாய்நாட்டுக் கோயிற்கல்லில் வந்து பதிந்தது.

தெலுங்கு நாட்டுச் செப்பேடுகள் இவனைச் சந்திரன் தொடக்கமாக வந்தவனென்றே எழுதின. தமிழ்க் கல்வெட்டுக்களோ இவனைச் சோழனென்றே கொண்டாடின. முதுமையிலே வேங்கியிலிருந்த மகன் விக்கிரம சோழனை 1118 இற் சோழநாட்டுக்கு அழைத்து இளவரசனாக்கினான். அவன் கிளம்பியதும் முன்னொருகால் அதிராசேந்திரனுக்கு முடிசூட்ட வந்த அதே விக்கிரமாதித்தன் வேங்கியைக் கைப்பற்றினான். 1122 அளவிலே குலோத்துங்கன் கண்மூடியபோது தாயின் நாடு அவன் மகனிடம் இருந்தது. தந்தையின் நாடு மாற்றார் கையிலிருந்தது.