குதிகாலை உயர்த்திய ஏழைச் சிறுவன்

ஏழை விவசாயியின் மகன். பெற்றோருக்குப் பிறந்த 14 குழந்தைகளில் 11-வது குழந்தை. பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை. ஆனால் பிற்காலத்தில் பெரிய சீமாட்டிகளும் உலகப் புகழ் பெற்ற சினிமா நட்சத்திரங்களும் அவர் முன்னால் உட்கார்ந்து காலை நீட்டினார்கள். அந்தக் கால்களை அவர் கையில் ஏந்தி அளவு எடுத்தார்.

அவர் பெயர் சால்வடோர் பெரகாமோ. ஹை ஹீல்ஸ் என்று எல்லோரும் சொல்லும் குதி உயர்ந்த செருப்பு, இந்த நூற்றாண்டுப் பெண்களின் காலுக்கு வந்து சேர்ந்த கதையில் இவருக்குப் பெரிய பங்கு உண்டு.

ஒரே இரவில் தைத்த செருப்பு

இத்தாலி நாட்டில், நேப்பிள்ஸ் நகருக்குக் கிழக்கே மலைப்பாங்கான இடத்தில் போனிட்டோ என்ற சிறிய ஊர் இருக்கிறது. அங்கேதான் 1898-ம் ஆண்டு ஜூன் மாதம் 5-ந்தேதி பெரகாமோ பிறந்தார்.

அந்த ஊரில் செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவர் இருந்தார். சிறுவன் பெரகாமோ அவர் கடை வாசலில் போய் உட்கார்ந்து கொள்வான். தோலை வெட்டுவதையும் ஆணி அடிப்பதையும் கண் கொட்டாமல் பார்ப்பான்.

பெற்றோருக்கு இது பிடிக்கவில்லை. செருப்புத் தைப்பது அந்த ஊரில் மிகவும் தாழ்ந்த தொழிலாகக் கருதப்பட்டது. நம் பிள்ளை வேறு எந்தத் தொழில் செய்தாலும் சரி, இது மட்டும் வேண்டாம் என்று அவர்கள் உறுதியாக இருந்தார்கள்.

பெரகாமோவுக்கு 9 வயது ஆயிற்று. அவனுடைய தங்கைக்கு மாதாகோவிலில் புது நன்மை வாங்கும் நாள் வந்தது. வெள்ளை உடையும் வெள்ளைச் செருப்பும் அணிந்து போக வேண்டும். செருப்பு வாங்க வீட்டில் பணம் இல்லை. மரக்கட்டைச் செருப்புடன் போனால் ஊரே பார்த்துச் சிரிக்கும். தாயார் கலங்கினார்.

பையன் செருப்புக் கடைக்கு ஓடினான். துணி, அட்டை, பசை, சிறிய ஆணிகள் எல்லாவற்றையும் கேட்டு வாங்கி வந்தான். எல்லோரும் தூங்கிய பிறகு வேலையைத் தொடங்கினான். பொழுது விடிந்தபோது வெள்ளைச் செருப்பு தயாராக இருந்தது. தங்கை அதை அணிந்து தலை நிமிர்ந்து கோவிலுக்குப் போனாள்.

அதன் பிறகு பெற்றோர் தடுக்கவில்லை. பெரகாமோ நேப்பிள்ஸ் சென்று தொழில் கற்றுக் கொண்டான். மீசை முளைப்பதற்கு முன்பே சொந்த ஊரில் செருப்புக் கடை வைத்து, தன்னைவிட மூத்தவர்களை வேலைக்கு அமர்த்தினான்.

ஹாலிவுட் பயணம்

அண்ணன்மார் முன்பே அமெரிக்கா போயிருந்தார்கள். ஒருவர் பாஸ்டன் நகரில் ஒரு செருப்புத் தொழிற்சாலையில் வேலை செய்தார். பெரகாமோவும் 16 வயதில் கப்பல் ஏறினார்.

தொழிற்சாலையைப் பார்த்தார். யந்திரங்கள் நிமிஷத்துக்கு நிமிஷம் செருப்புகளைத் தள்ளிக் கொண்டிருந்தன. அந்தச் செருப்பை எடுத்துப் பார்த்தார். கனமாக இருந்தது. காலுக்கு இதமாக இருக்காது என்று தெரிந்தது. அங்கே வேலை செய்ய அவர் விரும்பவில்லை.

கலிபோர்னியா மாகாணத்தில் சாண்டா பார்பரா என்ற ஊருக்குப் போனார். அங்கே ஒரு சினிமா கம்பெனி இருந்தது. குதிரை வீரர்களாக நடித்தவர்களுக்குப் பூட்ஸ் தைத்துக் கொடுத்தார். பூட்ஸ் காலைக் கடிக்கவில்லை என்று நடிகர்கள் மகிழ்ந்தார்கள். 1923-ல் ஹாலிவுட்டில் கடை திறந்தார். மேரி பிக்போர்டு, குளோரியா ஸ்வான்சன் முதலிய நட்சத்திரங்கள் வாடிக்கைக்காரர்கள் ஆனார்கள். 1923-ல் வெளிவந்த பத்துக் கட்டளைகள் படத்துக்கும் அவர் செருப்புகள் செய்து கொடுத்தார்.

காலின் ரகசியம்

பணம் வந்தது. பெயரும் வந்தது. ஆனாலும் மனதில் ஒரு குறை இருந்தது.

கடைக்கு வந்த பெண்களின் கால்களை அவர் பார்த்தார். விரல்கள் கோணியிருந்தன. தோல் காய்த்துப் போயிருந்தது. அழகான செருப்பு அணிந்தவர்களின் கால்கள்தான் அதிகம் கெட்டுப் போயிருந்தன. சரியான அளவில் தைத்தாலும் செருப்பு ஏன் வலிக்கிறது? இந்தக் கேள்வி அவரைத் தூங்க விடவில்லை.

விடை தேடி, தென் கலிபோர்னியா சர்வகலாசாலைக்குப் போனார். பகலில் கடை, மாலையில் வகுப்பு. உடற்கூறு நூலைப் படித்தார். பாதத்தில் எத்தனை எலும்புகள், எந்த எலும்பு எதைத் தாங்குகிறது என்று தெரிந்து கொண்டார். ஒரு பாதத்தில் மட்டும் 26 எலும்புகள் இருக்கின்றன.

கொத்தனார் நூலில் குண்டு கட்டித் தொங்க விட்டுச் சுவர் நேராக இருக்கிறதா என்று பார்ப்பார் அல்லவா? மனிதன் நிமிர்ந்து நிற்கும்போது உடம்பின் எடை அந்தத் தூக்குநூல் போல நேராகப் பாதத்தின் நடு வளைவில் இறங்குகிறது என்று பெரகாமோ கண்டார். ஆனால் அந்த நாள் செருப்புகள் குதியையும் விரல்களையும்தான் தாங்கின. நடு வளைவின் கீழே வெற்றிடம்தான் இருந்தது.

அவர் அந்த வளைவுக்குக் கீழே மெல்லிய எஃகுத் தகடு வைத்துத் தாங்கு கொடுத்தார். நீளம், அகலம் மட்டும் அளந்தால் போதாது. எடை எங்கே விழுகிறது என்பதையும் அளக்க வேண்டும் என்பது அவருடைய முடிவு. அன்று முதல் கடைசி வரை இதுதான் அவர் தொழிலுக்கு அஸ்திவாரம்.

ராஜா போட்ட சிவப்புக் குதி

உயர்ந்த குதி என்றால் பெண்கள் நினைவுதான் இன்று வருகிறது. பழைய காலத்தில் அப்படி இல்லை.

பாரசீகக் குதிரை வீரர்கள் குதி வைத்த பூட்ஸ் அணிந்தார்கள். அங்கவடியில் கால் நழுவாமல் நிற்க அது உதவியது. பிறகு ஐரோப்பியப் பிரபுக்கள் அதை எடுத்துக் கொண்டார்கள். 1643 முதல் 1715 வரை பிரான்சை ஆண்ட 14-ம் லூயி மன்னர் சிவப்பு வர்ணக் குதி வைத்த செருப்புடன் நிற்பதை ஓவியங்களில் காணலாம். அவருடைய அரண்மனையில் சிவப்புக் குதி அந்தஸ்தின் அடையாளம். அதை அணிந்தவர் சேற்றில் இறங்க வேண்டியதில்லை, மூட்டை தூக்க வேண்டியதில்லை என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

18-ம் நூற்றாண்டில் ஆண்கள் இந்த வழக்கத்தை விட்டு விட்டார்கள். உயர்ந்த குதி பெண்களுக்கு உரியது ஆயிற்று. அதை அணிந்தால் நாகரிகம் என்றார்கள் சிலர். வீண் பகட்டு என்றார்கள் சிலர். அணிந்தவளின் கால் வலியைப் பற்றி யோசித்தவர்கள் குறைவு.

கடனும் கஷ்டமும்

அமெரிக்காவில் இருந்தபோது பெரகாமோவுக்கு ஒரு பெரிய துயரம் நேர்ந்தது. கார் விபத்தில் உடன்பிறந்த சகோதரர் மாண்டார். பெரகாமோவின் காலில் பலத்த காயம். பிறர் காலைப் பற்றியே சிந்தித்த மனிதர், தன் காலைத் தூக்க முடியாமல் படுக்கையில் கிடந்தார்.

1927-ல் அவர் இத்தாலிக்குத் திரும்பினார். கைத்தொழிலுக்குப் பெயர் போன புளோரன்ஸ் நகரில் தொழிலாளர்களைச் சேர்த்துக் கொண்டு, கையால் செருப்புச் செய்து அமெரிக்காவுக்கு அனுப்பினார்.

1929-ல் அமெரிக்காவில் பொருளாதார வீழ்ச்சி வந்தது. ஆர்டர்கள் நின்றன. கடன் ஏறியது. 1933-ல் அவர் திவாலானார். 35 வயதில் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. அவர் மனம் தளரவில்லை. இத்தாலியிலேயே வாடிக்கைக்காரர்களைத் தேடிக் கொண்டு சிறிது சிறிதாக எழுந்தார்.

உடைந்த எஃகு, தாங்கிய தக்கை

1935-ல் இத்தாலி அபிசீனியா மீது படை எடுத்தது. அதற்காகச் சர்வதேச சங்கம் இத்தாலிக்கு எதிராக வர்த்தகத் தடை விதித்தது. நல்ல எஃகு கிடைக்கவில்லை. கிடைத்த மட்டமான எஃகுத் தகடு, நடக்கும்போதே உடைந்தது. செருப்புகள் திரும்பி வந்தன.

எஃகு இல்லாமல் பாதத்தின் வளைவை எப்படித் தாங்குவது? பெரகாமோ யோசித்தார். சார்டினியா தீவில் மரத்தக்கை ஏராளமாகக் கிடைத்தது. அதைத் துண்டு துண்டாக வெட்டினார். குதிக்கும் அடித்தோலுக்கும் நடுவே இருந்த வெற்றிடம் முழுவதையும் தக்கையால் ஒட்டி நிரப்பினார். பக்கங்களைச் சீவினார். பின்னால் உயர்ந்து, முன்னால் சரிந்து, ஆப்புப் போன்ற ஒரு குதி கிடைத்தது.

முதலில் பார்த்தவர்கள் முகம் சுளித்தார்கள். இது என்ன, கட்டைச் செருப்பு மாதிரி இருக்கிறதே என்றார்கள். அணிந்து நடந்தவர்களோ கழற்ற மறுத்தார்கள். எடை ஒரே இடத்தில் அழுந்தாமல் அடிப்பாகம் முழுவதும் பரவியது. சில ஆண்டுகளில் உலகமெங்கும் அந்த ஆப்புக் குதி பரவிவிட்டது. நம் ஊர்க் கடைகளில் இன்று தொங்கும் பல செருப்புகளுக்கும் அதுவே மூலம்.

பின்னர் யுத்த காலத்தில் தோலும் கிடைக்கவில்லை. சணல், மீன் தோல், மிட்டாய் சுற்றும் கண்ணாடிக் காகிதம் இவற்றைக் கொண்டும் அவர் செருப்பு செய்தார். 1947-ல் மீன் பிடிக்கும் நைலான் நூலைக் கொண்டு, காலில் இருப்பதே தெரியாத செருப்பைச் செய்தார். அதற்கு அமெரிக்காவில் பெரிய பரிசு கிடைத்தது.

உயரத்தை எப்படி அளப்பது?

கடைக்காரர் 4 அங்குலக் குதி என்று சொல்லுவார். அது முழு உண்மை ஆகாது. நீங்களே வீட்டில் அளந்து பார்க்கலாம்.

செருப்பைத் தரையில் வையுங்கள். பின்பக்கம் தரையிலிருந்து குதி முடியும் இடம் வரை அளவுநாடாவால் அளவு எடுங்கள். பிறகு முன்பக்கம், விரல்களுக்குக் கீழே அடிப்பாகம் எவ்வளவு தடிமன் என்று பாருங்கள். பின் உயரத்திலிருந்து முன் தடிமனைக் கழியுங்கள். மிஞ்சுவதுதான் பாதம் உண்மையில் ஏறும் உயரம்.

பின்னால் 4 அங்குலம், முன்னால் 1 அங்குலம் என்றால், பாதம் சரிவது 3 அங்குலம்தான். 1938-ல் ஜூடி கார்லண்ட் என்ற நடிகைக்கு வானவில் நிறங்களில் பெரகாமோ செய்த செருப்பு இந்த வகை. அதில் முன்பக்கமும் தக்கையால் உயர்ந்து நின்றது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 3 அங்குலக் குதி, நீளமான பாதத்துக்குச் சிறிய மேடு. குட்டையான பாதத்துக்கோ அது செங்குத்து. ஆகவே அக்காள் செருப்பு உயரம் தங்கைக்கு ஒத்துக் கொள்ளாமல் போகலாம்.

இரண்டு நட்சத்திரங்கள்

மர்லின் மன்றோ, ஆட்ரி ஹெப்பர்ன் என்ற இரண்டு நடிகைகளும் பெரகாமோவின் செருப்பை அணிந்தவர்கள். மன்றோவுக்குச் செய்த செருப்பின் குதி சுமார் 11 சென்டிமீட்டர், அதாவது 4 அங்குலத்துக்கும் மேல். ஹெப்பர்ன் நல்ல உயரம். 170 சென்டிமீட்டர் இருப்பார். அவருக்கு 1954-ல் செய்த செருப்பில் குதி இருப்பதே தெரியாது.

இருவரையும் உலகம் அழகிகள் என்றுதான் கொண்டாடியது. ஒருத்திக்கு ஏற்ற உயரத்தை இன்னொருத்திக்குப் பெரகாமோ திணிக்கவில்லை. புகழ் பெற்ற வாடிக்கைக்காரர்களின் கால் அளவுக்கு மரத்தில் தனித் தனி அச்சு செய்து, பெயர் எழுதி வைத்துக் கொண்டார்.

ஊசிக் குதி

1950-களில் ஊசி போன்ற மெல்லிய குதி வந்தது. உள்ளே உலோகக் கம்பி வைத்ததால் அது உடையாமல் நின்றது. பெரகாமோவும் அதைச் செய்தார். பித்தளைக் கூண்டு போன்ற குதியும் செய்தார்.

ஊசிக் குதியின் பலத்துக்கு ஒரு சிறு கணக்கு பார்ப்போம். ஒரு பெண்ணின் எடை 50 கிலோ. நடக்கும்போது ஒரு கணம் முழு எடையும் ஒரு குதியில் விழுவதாக வைத்துக் கொள்ளுங்கள். சாதாரணச் செருப்பின் குதி 25 சதுர சென்டிமீட்டர் என்றால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோதான். ஊசிக் குதியின் முனை 1 சதுர சென்டிமீட்டர் என்றால், 50 கிலோவும் அங்கேயே இறங்கும். மரத்தரையில் குழி விழுந்ததில் ஆச்சரியம் இல்லை.

குதி உயர உயர, எடை முன் பாதத்துக்குத் தள்ளப்படுகிறது. தினமும் பல மணி நேரம் அணிந்தால் விரல்களும் கெண்டைக்கால் தசையும் கெடும் என்று டாக்டர்கள் சொல்லுகிறார்கள். பெரகாமோவின் திறமை வலியைக் குறைத்தது, அடியோடு போக்கிவிடவில்லை. விசேஷ நாளில் சில மணி நேரம் அணிவது வேறு. நாள் முழுவதும் நின்று வேலை செய்கிறவள் அணிவது வேறு.

மனைவி ஏற்ற பொறுப்பு

1938-ல் பெரகாமோ புளோரன்ஸ் நகரின் பழைய மாளிகை ஒன்றைத் தன் தொழிலுக்காக விலைக்கு வாங்கினார். 1940-ல் சொந்த ஊர் டாக்டரின் மகள் வாண்டாவை மணந்தார். ஆறு குழந்தைகள் பிறந்தார்கள்.

1960-ம் ஆண்டு ஆகஸ்ட் 7-ந்தேதி பெரகாமோ காலமானார். அப்போது அவருக்கு வயது 62. தொழிலில் அனுபவம் இல்லாத வாண்டா, கடையை விற்றுவிடாமல் பொறுப்பை ஏற்றார். குழந்தைகளையும் தொழிலையும் சேர்த்து வளர்த்தார். 2018 வரை வாழ்ந்தார்.

1995-ல் அந்த மாளிகையில் பெரகாமோவின் பெயரால் ஒரு காட்சிசாலை திறக்கப்பட்டது. நட்சத்திரங்களின் மர அச்சுகளையும் செருப்புகளையும் பார்க்க வெளிநாடுகளிலிருந்தும் ஜனங்கள் வருகிறார்கள்.

தாழ்ந்த தொழில் என்று பெற்றோர் தடுத்த வேலை அது. அதை ஒரு சாஸ்திரம் போலப் படித்து, உலகமே மதிக்கும் நிலைக்கு உயர்த்திக் காட்டினார் போனிட்டோ ஊர்ச் சிறுவன். அடுத்த முறை செருப்பு வாங்கும்போது, குதியின் உயரத்தை மட்டும் பார்க்காதீர்கள். எழுந்து நின்று, பாதத்தின் நடு வளைவுக்குக் கீழே தாங்கு இருக்கிறதா என்று பாருங்கள். பெரகாமோ முதலில் பார்த்த இடம் அதுதான்.