நெற்குழந்தையைக் கண்டெழுதியவர்

கிள்ளானுக்குத் தெற்கே உள்ள மாவட்டம் கோல லங்காட். 1890களில் அங்குப் பணியாற்றிய ஆங்கிலேய அதிகாரிகளுள் ஒருவர் வால்டர் வில்லியம் ஸ்கீட். 1866இல் பிறந்த இவருக்குத் தந்தையின் பெயரே சூட்டப்பட்டிருந்தது. தந்தை கேம்பிரிட்ஜ் பேராசிரியர். ஆங்கிலச் சொற்களின் வேர்களைத் தேடி அகராதி தொகுத்தவர். மகனோ ஏட்டில் ஏறாத சொற்களைத் தேடினார்.

1891இல் ஸ்கீட் சிலாங்கூர் அரசுப் பணியில் சேர்ந்தார். அலுவலுக்கிடையே உழவர்களிடமும் மீனவர்களிடமும் பாவாங் எனப்படும் மந்திரவாதிகளிடமும் கேட்டுக் கேட்டு எழுதினார்.

1897 ஜனவரியில், நாம் பொங்கல் கொண்டாடும் அதே மாதத்தில், சோடோய் என்னும் ஊரில் மலாய் மக்களின் அறுவடைச் சடங்கை அவர் கண்டார். மூதாட்டி ஒருவர் முதலில் ஏழு கதிர்களை மட்டும் கொய்தார். அவை வெறும் கதிர்கள் அல்ல. நெல்லின் உயிர் குடிகொண்ட குழந்தை. துணியில் சுற்றிக் கூடையில் வைத்து, வெயில் படாமல் குடைபிடித்து வீட்டுக்குக் கொண்டுசென்றனர். அங்கே புதுப்பாயில் தலையணையோடு கிடத்தினர். வீட்டுக்காரரின் மனைவி மூன்று நாள்களுக்குப் பிள்ளை பெற்றவளைப் போலவே நோன்பு காத்தார். இக்குறிப்புகள் 1900இல் 'மலாய் மேஜிக்' நூலாயின.

கடலோரக் காடுகளில் வாழ்ந்த பெசிசி மக்களையும் ஸ்கீட் நாடிச் சென்றார். இன்று அவர்களை மா மெரி என்கிறோம். அவர்கள் மொழியில் காட்டு மக்கள் என்று பொருள். அம்மொழி மலாயோடு சேராதது. மோன், கெமர் மொழிகளுக்கு உறவானது. எழுத்தில்லாத அம்மொழியின் சொற்களையும், பழங்களையும் விலங்குகளையும் பாடும் பாடல்களையும் அவர் குறித்துக்கொண்டார்.

1899இல் வடமாநில ஆய்வுப் பயணத்துக்குத் தலைமை தாங்கியவர், உடல்நலம் கெட்டு நாடு திரும்பினார். 1906இல் பிளாக்டன் என்னும் மொழியறிஞருடன் இணைந்து, பூர்வகுடிகளைப் பற்றிய நூலை இரு தொகுதிகளாக வெளியிட்டார். அதன் தலைப்பில் அம்மக்களைப் பொய்ச்சமயத்தார் என்று குறித்தது அக்கால ஆட்சியாளரின் பார்வை. ஸ்கீட்டும் அதற்கு விலக்கல்லர்.

அந்நூற்றாண்டின் தொடக்கத்தில் கேரி தீவின் காடுகள் ரப்பர்த் தோட்டங்களாயின. தமிழ்த் தொழிலாளர்களும் அங்குக் குடியேறினர். தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்த மா மெரி மக்களின் கையில் நிலப்பத்திரம் இல்லை.

ஸ்கீட் பின்னர் லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் விரிவுரையாளராக இருந்து, 1953இல் காலமானார். கேரி தீவின் சுங்கை பும்புன் கிராமத்தில் மூதாதையர் நாளன்று மா மெரி மக்கள் இன்றும் முகமூடி அணிந்து ஆடுகின்றனர். அவர்களுடைய மொழியைப் பேசுவோர்தாம் குறைந்து வருகின்றனர்.