இறாலிலிருந்து இந்துமாக்கடல் வரை

கடல் என்றால் படகும் வலையும் மட்டுமன்று; அது ஓர் ஆய்வுக்கூடம் என்று நம் நாட்டுக்குக் காட்டியவர்களுள் ஒருவர் டாக்டர் என். கே. பணிக்கர்.

1913-ஆம் ஆண்டு கோட்டயத்தில் பிறந்தார். சென்னையில் விலங்கியல் பயின்று, இங்கிலாந்தின் பிளிமத் கடல் ஆய்வகத்தில் ஆராய்ந்தார். எடுத்துக்கொண்ட பொருளோ எளிய இறால்! சூழ்ந்துள்ள நீரில் உப்பு ஏறினும் இறங்கினும், தன் இரத்தத்தின் உப்பளவை அது எவ்வாறு காத்துக்கொள்கிறது என்பதை 1941-இல் விளக்கினார்.

1950-களில் மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்குத் தலைமை ஏற்றார். 1965-இல் நிறைவுற்ற பன்னாட்டு இந்துமாக்கடல் ஆய்வில் இந்தியப் பணிகளை வழிநடத்தினார். 1966-இல் தோன்றிய தேசியக் கடலாய்வு நிறுவனத்தின் முதல் இயக்குநரும் அவரே. 1977-இல் மறைந்தார்.

வில்லியனூர் வழியே ஓடும் சங்கராபரணி கடலைச் சேரும் கழிமுகம் நமக்கு அருகிலேயே உள்ளது. கடலில் பிறக்கும் இறால் குஞ்சுகள் இத்தகைய கழிமுகங்களில் வளர்ந்தே கடலுக்குத் திரும்புகின்றன. கழிமுகம் கெட்டால் கடலில் வீசும் வலையும் வெறுமையாகும். அந்நீரை அளந்து, காலத்தே எச்சரிக்க ஆட்கள் வேண்டும். விலங்கியல் படித்து என்ன செய்வது என்று கேட்கும் நண்பர்களே, பணிக்கரின் வாழ்வில் விடை இருக்கிறது.