காத்து நின்றவரை யார் காத்தார்?

1964 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், ஒரு வார கால இடைவெளியில் நிகழ்ந்த இரு சம்பவங்களை மலையக வாசகர்கள் ஒருசேர வைத்து நோக்க வேண்டுமென நாம் கருதுகின்றோம். அம்மாதம் 23 ஆம் திகதி, டோக்கியோ ஒலிம்பிக் ஹொக்கி இறுதிப் போட்டியில் இந்தியா 1-0 என்ற கோல் கணக்கில் பாகிஸ்தானை வென்று, நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் பறிகொடுத்த தங்கப் பதக்கத்தை மீட்டது. 30 ஆம் திகதி புதுடில்லியில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. இந்திய வம்சாவளியினர் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பதென்றும், 3 இலட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும், எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேர் குறித்துப் பின்னர் பேசித் தீர்ப்பதென்றும் அவ்வொப்பந்தம் வகுத்தது. பதுளையிலும் பசறையிலும் ஹப்புத்தளையிலும் மலைச்சரிவுகளில் உழைத்துக்கொண்டிருந்த மக்களின் தலைவிதி, அவர்களைக் கேளாமலேயே எண்களாகப் பங்கிடப்பட்டது.

இவ்விரு சம்பவங்களுக்கும் நேரடித் தொடர்பு ஏதுமில்லை. ஆயினும் டோக்கியோவில் அன்று இந்தியாவின் கோல் கம்பங்களுக்கிடையே நின்ற மனிதரின் வாழ்க்கையை அறிய முற்படுவோர், அதில் எமது தோட்டப்புற மக்களின் வாழ்வோடு ஒத்த ஓர் அம்சத்தைக் காண்பர். இழப்பு நேராது தடுப்பவர்களின் உழைப்புக்கு எந்த ஏட்டிலும் வரவு வைக்கப்படுவதில்லை என்பதே அது. அம்மனிதரின் பெயர் சங்கர் லட்சுமண்.

மத்திய இந்தியாவில் இந்தூருக்கு அண்மையிலுள்ள மாவ் என்னும் இராணுவப் பாசறை நகரில் 1933 ஆம் ஆண்டு ஜூலை 7 ஆம் திகதி அவர் பிறந்தார். அண்ணல் அம்பேத்கரின் பிறப்பிடமும் அந்நகரே. இந்தியா சுதந்திரமடைந்த 1947 ஆம் ஆண்டில், 14 வயதுச் சிறுவனாக அவர் இராணுவத்தின் வாத்தியக் குழுவில் சேர்ந்தார். விளையாட்டு வீரனாக அவரை எவரும் தெரிவு செய்யவில்லை; வாத்தியம் இசைக்கவே அவர் சேர்க்கப்பட்டார். ஆரம்பத்தில் அவருக்கு நாட்டமிருந்தது உதைபந்தாட்டத்திலேயே. மராத்தா இலகு காலாட்படையின் மைதானமே அவர் கையில் ஹொக்கி மட்டையைக் கொடுத்து, அவரைக் கோல்காப்பாளராக்கியது. மைதானமும் பயிற்சியும் வயிற்றுக்குச் சோறும் ஓரிடத்தில் கிடைக்குமாயின், வறிய வீட்டுப் பிள்ளையும் உலக அரங்கில் ஏற முடியும் என்பதற்கு அவரது இளமைக்காலம் தக்க சான்றாகும்.

கோல்காப்பாளரின் பணி எத்தகையது என்பதை இவ்விடத்தில் கூறியாக வேண்டும். ஹொக்கியின் கோல் வாயில் 12 அடி அகலமும் 7 அடி உயரமும் கொண்டது. ஏறத்தாழ 160 கிராம் எடையுள்ள கடினமான பந்து அதனை நோக்கிப் பாய்ந்து வரும். இன்றைய கோல்காப்பாளர் தலைக்கவசமும் மார்புக் கவசமும் அணிந்தே களமிறங்குகின்றார். லட்சுமணின் காலத்தில் காலுறைக் கவசமும் கையுறையும் மட்டுமே இருந்தன. முகம் திறந்தே இருந்தது. முன்வரிசை வீரர் பத்து முறை தவறி ஒருமுறை கோல் அடித்தால் அவர் வெற்றி வீரர். கோல்காப்பாளர் பத்து முறை தடுத்து ஒருமுறை தவறினால் அவரே தோல்விக்குக் காரணர்.

1956 ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கில், தமது 23 ஆவது வயதில், லட்சுமண் இந்தியாவுக்காகக் களமிறங்கினார். அந்த அணியில் இருந்த மற்றொரு கோல்காப்பாளர் சென்னையைச் சேர்ந்த ரங்கநாதன் பிரான்சிஸ். 1948, 1952 ஆம் ஆண்டுகளிலும் தங்கம் வென்ற அணிகளில் இடம்பெற்று, மெல்போர்னில் மூன்றாவது தங்கத்தையும் பெற்ற அவர், 1975 இல் மறைந்தார். தமிழுலகம் கொண்டாடியிருக்க வேண்டிய அவரது பெயர் இன்று தமிழர்களிடையேகூட அரிதாகவே உச்சரிக்கப்படுகின்றது. மெல்போர்னில் இந்தியா ஐந்து போட்டிகளில் 38 கோல்களை அடித்தது. எதிரணிகளுக்கு ஒரு கோலைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை. பாகிஸ்தானுக்கு எதிரான இறுதிப் போட்டி 1-0 என முடிவுற்றது. அந்த 38 கோல்களைப் பற்றிப் பேசியவர்கள் பலர். எதிரணிகளின் பக்கத்தில் நின்ற பூச்சியத்தைப் பற்றிப் பேசியவர்கள் சிலரே.

இரண்டாண்டுகளின் பின்னர், 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியாவும் பாகிஸ்தானும் கோலின்றிச் சமநிலை கண்டன. கோல் சராசரி அடிப்படையில் தங்கம் பாகிஸ்தானுக்குச் சென்றது. 1960 ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் முதற்பாதியில் பாகிஸ்தானின் நசீர் பந்தா அடித்த ஒரேயொரு கோல், 1928 முதல் ஆறு ஒலிம்பிக்குகளில் தொடர்ந்து தங்கம் வென்று வந்த இந்தியாவின் ஆதிக்கத்தை முடிவுக்குக் கொண்டு வந்தது. இந்திய முன்வரிசையினர் அப்போட்டியில் ஒரு கோலையேனும் அடிக்கவில்லை என்பதை வரலாறு அடிக்குறிப்பாகவே வைத்திருக்கின்றது. தம்மைக் கடந்து சென்ற அந்த ஒரு பந்தின் பாரத்தை நான்கு ஆண்டுகள் சுமக்க வேண்டியவராகக் கோல்காப்பாளரே இருந்தார்.

அதனாற்றான் 1964 டோக்கியோ இறுதிப் போட்டி அவரது வாழ்வின் உச்சமாக அமைந்தது. தண்டனை அடி மூலம் மொஹிந்தர் லால் இந்தியாவின் ஒரே கோலைப் பெற்றுக்கொடுத்தார். அதன் பின்னர் எஞ்சிய நேரமெல்லாம் பாகிஸ்தானின் முற்றுகை. தண்டனை முனை அடிகளும் நேரடித் தாக்குதல்களுமாக வந்த பந்துகளை லட்சுமண் ஒன்றன்பின் ஒன்றாகத் தடுத்தார். அவ்வாண்டே அவருக்கு அர்ஜுனா விருது வழங்கப்பட்டது.

1966 ஆம் ஆண்டு பாங்கொக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. சர்வதேச ஹொக்கியில் கோல்காப்பாளர் ஒருவர் அணித்தலைவரான முதற் சந்தர்ப்பமாக அது குறிப்பிடப்படுகின்றது. இறுதிப் போட்டியில், மேலதிக நேரத்தில் பெற்ற கோலினால் பாகிஸ்தானை 1-0 என வென்ற இந்தியா, ஆசிய விளையாட்டு ஹொக்கியில் தனது முதற் தங்கத்தை ஈட்டியது. 1967 இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருதை வழங்கியது.

மறு ஆண்டே நிலைமை மாறிற்று. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்குக்கான அணியில் அவர் சேர்க்கப்படவில்லை. அத்துடன் அவர் ஹொக்கி மட்டையைக் கீழே வைத்துவிட்டார். மெக்சிகோவில் இந்தியா, 1928 இல் பங்கேற்கத் தொடங்கியதிலிருந்து முதன்முறையாக முதலிரு இடங்களையும் தவறவிட்டு, வெண்கலத்துடன் திரும்பியது. 1979 இல் கப்டன் தரத்தில் இராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற லட்சுமண், பிறந்த ஊரான மாவ் நகருக்கே மீண்டார்.

அதன் பின்னரான வாழ்க்கையே எமது கவனத்துக்குரியது. இரண்டு ஒலிம்பிக் தங்கங்களும் ஒரு வெள்ளியும் பெற்ற அவர் முதுமையில் வறுமையோடு போராடினார். ஒரு பாதத்தில் திசுக்கள் அழுகும் நோய் பற்றியது. காலைத் துண்டிக்க வேண்டுமென மருத்துவர்கள் கூறியபோது அவர் அதற்கு இசையாது இயற்கை வைத்தியத்தை நாடினார். எத்தனையோ பந்துகளை மறித்த கால் அது. 2006 ஆம் ஆண்டு ஏப்ரல் 29 ஆம் திகதி, 72 ஆவது வயதில் அவர் காலமானார். அவர் உயிரோடிருந்தபோது திரும்பிப் பாராதவர்கள், அவரது மறைவின் பின்னரே அவரது பெருமையை நினைவுகூர்ந்தனர். விருது வழங்கிய அரசுக்கு, விருது பெற்றவர் எவ்வாறு வாழ்கின்றார் என்பதை விசாரித்தறியும் ஏற்பாடு இருந்ததாகத் தெரியவில்லை.

கடல் கடந்த ஒரு நாட்டின் வழமையை இதனோடு ஒப்பிடுவது பொருத்தமானது. இலங்கைத் தமிழர் பெருந்தொகையாக வாழும் கனடாவில் பனித்தரை ஹொக்கியே மக்களின் விளையாட்டு. மொன்றியல் கனேடியன்ஸ் அணியின் கோல்காப்பாளர் ஜோர்ஜ் வெசினா 1910 முதல் 1925 வரை ஒரு போட்டியையும் தவறவிடாதவர். 1925 நவம்பரில் காய்ச்சலோடு களமிறங்கி, ஆட்டத்தின் இடையில் வெளியேறினார். மறு ஆண்டு மார்ச் மாதம் காசநோய் அவரைக் கொண்டு சென்றது. அவரது கழகத்தின் உரிமையாளர்கள் அவர் பெயரில் ஒரு கிண்ணத்தை அன்பளிப்புச் செய்தனர். சிறந்த கோல்காப்பாளருக்கு இன்றும் அக்கிண்ணமே வழங்கப்படுகின்றது. அதே அணியின் ஜாக் பிளாண்ட், 1959 நவம்பர் 1 ஆம் திகதி நியூயோர்க்கில் முகத்தில் காயமுற்ற பின், முகக்கவசம் அணிந்தே ஆடுவேன் என நின்றார். அது கோழைத்தனம் எனக் கருதப்பட்ட காலம் அது. இன்று கவசமின்றி ஆடுவதை எவரும் கற்பனை செய்ய மாட்டார்கள். காப்பவரின் பெயரை நிலைநிறுத்தியதோடு, காப்பவரையும் காக்க வேண்டுமென்ற எண்ணத்தையும் அவ்விளையாட்டு இவ்வாறு படிப்படியாகக் கற்றுக்கொண்டது.

ஊவா மாகாணத்துக்கு இதில் என்ன பாடம் இருக்கின்றது என்று வாசகர்கள் கேட்கலாம். தேயிலை மலைகளில் பறித்த கொழுந்து நிறுக்கப்படுகின்றது. கிலோ கணக்கு எழுதப்படுகின்றது. ஆனால் மழைநீர் மண்ணை அரித்துச் செல்லாதபடி சரிவுகளில் கான் வெட்டுபவரின் உழைப்பை எந்தத் தராசிலும் வைக்க முடியாது. அவர் காப்பாற்றிய மண் எத்தனை கிலோ என எவரும் எழுதுவதில்லை. மண் சரிந்த பின்னரே அந்த வேலையின் பெறுமதி தெரிகின்றது. 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை, மீரியபெத்தைத் தோட்ட லயன்கள் மண்ணுள் புதைந்தபோது, அங்கு அபாயம் உள்ளதென முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது என்பதை நாடு அறிந்தது. தடுப்பதற்குச் செலவிடத் தயங்கிய கைகள், இழந்த பின்னர் நிவாரணம் வழங்க நீண்டன. ஆயுள் முழுவதும் தோட்டத்தைக் காத்த தொழிலாளிக்கு ஓய்வின்போது ஊழியர் சேமலாப நிதியும் நம்பிக்கை நிதியும் ஒரு தொகையாகக் கிடைக்கின்றன. மாதாந்த ஓய்வூதியம் இல்லை. அத்தொகை தீர்ந்த பின்னர் வரும் நோய்க்கு யார் பொறுப்பு என்பது லட்சுமணின் கடைசி நாட்கள் எழுப்பும் கேள்வியே ஆகும்.

விளையாட்டுத் துறையிலும் நிலைமை இவ்வாறே. மலைச்சரிவுகளில் சமதரை அரிது. தோட்டத்துச் சிறுவர்கள் கிடைத்த துண்டு நிலத்தில் இரு கம்புகளை நட்டு உதைபந்தாடுகின்றனர். வலை இல்லாத அந்தக் கோலில் தவறிய பந்து தேயிலைச் செடிகளுக்கூடாக உருண்டு கீழ் மலைக்குச் செல்லும். அதனைத் தேடி இறங்குபவன் கோல்காப்பாளனே. பதுளை நகரில் வின்சன்ட் டயஸ் விளையாட்டரங்கு உண்டு. ஆயின் மடுல்சீமையிலோ லுணுகலையிலோ உள்ள தோட்டமொன்றிலிருந்து ஒரு மாணவன் பாடசாலை முடிந்து அங்கு பயிற்சிக்கு வந்து, இருட்டுமுன் வீடு திரும்புவது எளிதன்று. 14 வயது லட்சுமணுக்குப் படைமுகாமின் வாசலில் மைதானம் இருந்தது. எமது 14 வயதுச் சிறுவனுக்கு அது மலைகள் பல தாண்டியிருக்கின்றது.

ஆகவே மூன்று விடயங்களை நாம் வலியுறுத்த விரும்புகின்றோம். தோட்டப் பிரிவுகளில் எஞ்சியிருக்கும் சமதரைகளை வேறு தேவைகளுக்குக் கையளிக்காது, பிள்ளைகளின் மைதானமாகத் தோட்ட நிர்வாகங்கள் ஒதுக்கிக் கொடுக்க வேண்டும். பாடசாலை அணிகளுக்கு உபகரணம் வழங்கும்போது, கோல்காப்பாளரின் கையுறையையும் கவசத்தையும் பட்டியலின் கடைசியில் வைக்கும் வழக்கம் கைவிடப்பட வேண்டும். மூன்றாவதாக, மாகாணத்துக்காகவும் நாட்டுக்காகவும் ஆடி ஓய்ந்த வீரர்கள் இன்று எங்கு, எந்நிலையில் வாழ்கின்றனர் என்ற பதிவேட்டை மாகாண விளையாட்டுத் துறை பேணி, அவர்களது மருத்துவத் தேவைக்கு வழிசெய்ய வேண்டும்.

இவற்றுக்குப் பெரும் நிதி தேவைப்படாது. சங்கர் லட்சுமண் மறைந்து ஏறக்குறைய இரு தசாப்தங்கள் கடந்துவிட்டன. அவருக்கு இனி எவராலும் எதுவும் செய்ய இயலாது. ஆனால் எமது மலைகளில் இன்றும் காத்து நிற்பவர்கள் இருக்கின்றனர். அவர்களுக்கான மரியாதை இரங்கல் உரைகளுக்கு முன்னரே சென்றடைய வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.